ரத்தத்தில் கலக்கும் எம்ஆர்எஸ்ஏ: மருந்துகள் உண்டு, எல்லையோர நோயாளிக்குச் சிகிச்சை தடையின்றித் தொடருமா?

பாலக்காடு: சிறு கொப்புளம் முதல் இதய வால்வைச் சிதைக்கும் தொற்று வரை உண்டாக்கக்கூடிய ‘ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்னும் பாக்டீரியா, வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத வடிவில் ரத்தத்தில் கலந்துவிட்டால் என்ன சிகிச்சை அளிக்கப்படுகிறது? தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் வாழும் தமிழர்களுக்கு இக்கேள்வி கூடுதல் முக்கியத்துவம் உடையது. இந்நோய்க்கான சிகிச்சை குறைந்தது இரண்டு வாரங்கள், பல நேரங்களில் ஆறு வாரங்கள் நீளும். அதற்குள் நோயாளி ஒரு மாநிலத்தின் மருத்துவமனையிலிருந்து மற்றொரு மாநிலத்தின் மருத்துவமனைக்கு மாற நேரிடுவது இப்பகுதியில் இயல்பானது.

மறையூர், காந்தளூர் மக்களுக்குச் சின்னாறு வழியே உடுமலைப்பேட்டை அருகில் உள்ளது. குமுளியில் உள்ளவர்கள் கம்பத்துக்கும் தேனிக்கும் செல்கின்றனர். அட்டப்பாடியில் அகளி, கோட்டத்தறை பகுதியினருக்கு ஆனைகட்டியைத் தாண்டினால் கோவை. வாளையாறு, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிகளைக் கடந்து கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் செல்வோர் சித்தூர் வட்டாரத்தில் ஏராளம். மறுபுறம், கம்பம், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்காக நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறும் தொழிலாளர்களும் உள்ளனர். மருத்துவக் கோப்பு மட்டும் இவர்களுடன் எப்போதும் பயணிப்பதில்லை.

தோலில் இருந்து ரத்தத்துக்கு

இந்தப் பாக்டீரியா புதிதாக எங்கிருந்தோ வருவதன்று. நலமாக உள்ள பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரின் மூக்கின் உட்பகுதியில் எவ்விதத் தொல்லையும் தராமல் இது குடியிருக்கிறது. தோலில் திறப்பு ஏற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அட்டை கடித்துச் சொறிந்த புண், கவாத்துக் கத்தி பட்ட காயம், சர்க்கரை நோயாளியின் ஆறாத கால் புண் ஆகியவை அத்தகைய வழிகள். மருத்துவமனைகளில் நரம்பில் பொருத்தப்படும் ஊசிக்குழல், டயாலிசிஸ் செய்வதற்காகக் கழுத்தில் செருகப்படும் குழாய், அறுவைச் சிகிச்சைக் காயம் ஆகியவை இன்னும் நேரடியான வழிகள்.

ரத்தத்தில் கலந்தபின் குளிர்நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல், ரத்த அழுத்தக் குறைவு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றலாம். இதன் ஆபத்து காய்ச்சலோடு முடிவதில்லை. இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு, நுரையீரல் என எங்கு வேண்டுமானாலும் இக்கிருமி சென்று தங்கும். காய்ச்சல் தணிந்தபின் புதிதாக முதுகுவலி தொடங்கினால், அதைச் சுமை தூக்கிய வலி என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். உரிய சிகிச்சை பெறுவோரிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மூன்று மாதங்களுக்குள் உயிரிழப்பதைப் பன்னாட்டு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

பென்சிலின் முதல் மெத்திசிலின் வரை

1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் ஆய்வகத்தில் பூஞ்சை விழுந்து கெட்டுப்போன தட்டில் வளர்ந்துகொண்டிருந்தவை ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளே. பென்சிலின் கண்டறியப்படக் காரணமான அதே பாக்டீரியா, அம்மருந்து பரவலான பயன்பாட்டுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அதைச் சிதைக்கக் கற்றுக்கொண்டது. அதற்கு மாற்றாக 1959இல் மெத்திசிலின் அறிமுகமானது. இரண்டே ஆண்டுகளில், 1961இல், அதற்கும் கட்டுப்படாத கிருமி பிரிட்டனில் பதிவானது. ‘மெத்திசிலின் எதிர்ப்பு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்பதன் சுருக்கமே எம்ஆர்எஸ்ஏ. மெத்திசிலின் மருந்து இன்று புழக்கத்தில் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பென்சிலின் குடும்ப மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை முடக்குகின்றன. எம்ஆர்எஸ்ஏ கிருமியிடம் ‘மெக்-ஏ’ என்னும் மரபணு உள்ளது. அது, மருந்து எளிதில் ஒட்ட முடியாத மாற்றுப் புரதம் ஒன்றை உருவாக்குகிறது. சாவி அதேதான், பூட்டு மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே பாதிக்கப்படுவது ஒரு மருந்து மட்டுமன்று. அமோக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அளிக்கப்படும் மெரோபெனம் வரை அக்குடும்பத்தின் அனைத்து வழக்கமான மருந்துகளும் பயனற்றுப் போகின்றன. ‘விலை உயர்ந்த ஊசி போட்டும் காய்ச்சல் குறையவில்லை’ என்ற புலம்பலுக்குப் பின்னால் சில நேரங்களில் இந்தக் காரணம் உள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கண்காணிப்பு வலையமைப்பில் பரிசோதிக்கப்பட்ட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மாதிரிகளில் எம்ஆர்எஸ்ஏவின் பங்கு 2016இல் 28.4 சதவீதமாக இருந்தது. 2021இல் அது 42.6 சதவீதமாக உயர்ந்தது. இவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் மாதிரிகள் என்பதால், ஒரு மலைக் கிராமத்தின் நிலையை இந்த எண்ணைக் கொண்டு அப்படியே அளவிட முடியாது. எனினும் போக்கு எத்திசையில் உள்ளது என்பதில் ஐயமில்லை. உலக அளவில் 2021ஆம் ஆண்டு எம்ஆர்எஸ்ஏவின் மருந்து எதிர்ப்பால் நேரடியாக நிகழ்ந்த மரணங்கள் சுமார் 1,30,000 என ‘லான்செட்’ இதழ் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. 1990இல் இது 57,200 ஆக இருந்தது.

முதல் ஊசிக்கு முன் ஒரு பரிசோதனை

எந்த மருந்து என்ற கேள்விக்கு விடையளிப்பது ‘பிளட் கல்ச்சர்’ எனப்படும் ரத்த வளர்ப்புப் பரிசோதனை. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன், உடலின் வெவ்வேறு இடங்களிலிருந்து குறைந்தது இரு முறை ரத்தம் எடுத்துச் சிறப்புக் குப்பிகளில் சேர்க்க வேண்டும். கிருமி வளர்ந்து தென்பட வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு நாட்கள் ஆகும். அது எம்ஆர்எஸ்ஏவா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை உறுதி செய்ய மேலும் ஒரு நாள் தேவைப்படலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவர்கள் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. ரத்தம் எடுத்தவுடன் எம்ஆர்எஸ்ஏவையும் கணக்கில் கொண்டு மருந்தைத் தொடங்கி, முடிவு வந்தபின் மாற்றிக்கொள்கின்றனர்.

எல்லையோரப் பகுதியில் இங்குதான் முதல் சிக்கல். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியது. அவ்வாறு இயங்கும் எஸ்டேட் மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் மலைப்பகுதியின் முதல் அரண். ஆனால் ரத்த வளர்ப்புக்கான நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒவ்வொரு மருந்தகத்திலும் இருக்க இயலாது. காய்ச்சலுக்கு முதலில் ஓர் ஊசி போட்டு, மறுநாளும் குறையாதபோது மேல்சிகிச்சைக்கு அனுப்பும் நிலையில், பெரிய மருத்துவமனையில் எடுக்கப்படும் ரத்தத்தில் கிருமி வளராமல் போகக்கூடும். முதல் ஊசி நோயைக் குணப்படுத்தாமல், நோய்க்கான சான்றை மட்டும் மறைத்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ரத்தத்தில் இருப்பது எம்ஆர்எஸ்ஏ அல்லாத சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால், செஃபசோலின் அல்லது குளோக்சசிலின் போன்ற பழைய, விலை குறைந்த மருந்துகளே வான்கோமைசினை விடச் சிறப்பாகச் செயல்படும். ‘வலிமையான’ மருந்து எப்போதும் நல்ல மருந்து என்ற எண்ணம் இந்நோயில் பொய்த்துப்போகிறது. பரிசோதனை முடிவின்றி வான்கோமைசினை வாரக்கணக்கில் தொடர்வது, நோயாளிக்குத் தரம் குறைந்த சிகிச்சையை அதிக விலைக்கு அளிப்பதாகவே முடியும்.

வான்கோமைசினும் டாப்டோமைசினும்

எம்ஆர்எஸ்ஏ ரத்தத் தொற்று உறுதியானால் முதல் தேர்வு இன்றும் வான்கோமைசின்தான். போர்னியோ தீவின் மண் மாதிரியில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட இம்மருந்துக்கு அமெரிக்கா 1958இல் ஒப்புதல் அளித்தது. வாய்வழி உட்கொண்டால் இது குடலிலிருந்து ரத்தத்தில் சேராது. எனவே நரம்பு வழியே, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், மெதுவாகச் செலுத்த வேண்டும். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பு ஏற்படும். இது பெரும்பாலும் ஒவ்வாமை அன்று. ஏற்றும் வேகத்தைக் குறைத்தால் தணியும்.

இம்மருந்தின் உண்மையான கடினம் அளவில் உள்ளது. அளவு குறைந்தால் கிருமி தப்பும். கூடினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். உடல் எடையையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் கொண்டு அளவைக் கணக்கிட்டு, ரத்தத்தில் மருந்தின் செறிவைச் சோதித்து அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த டோஸுக்கு முன் உள்ள செறிவு ஒன்றை மட்டும் பார்க்கும் பழைய முறைக்குப் பதிலாக, 24 மணி நேரத்தில் உடல் பெறும் மொத்த மருந்தின் அளவைக் கணக்கிடும் முறையை அமெரிக்க வல்லுநர் அமைப்புகள் 2020இல் பரிந்துரைத்தன. இச்செறிவுப் பரிசோதனை இல்லாத மருத்துவமனையில், குறைந்தபட்சம் கிரியேட்டினின் அளவையாவது அடிக்கடி பார்க்காமல் வான்கோமைசினைத் தொடர்வது கண்ணைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதற்கு ஒப்பானது.

இதே வகையைச் சேர்ந்த டீகோபிளானின் இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. சிறுநீரகப் பாதிப்பு இதில் ஒப்பீட்டளவில் குறைவு. முதல் சில டோஸ்களை 12 மணி நேர இடைவெளியில் அளித்தபின் நாளொன்றுக்கு ஒரு முறை போதும். ஆரம்ப டோஸ்களைத் தவிர்த்துவிட்டால் மருந்து தேவையான செறிவை எட்டவே பல நாட்கள் ஆகிவிடும்.

மற்றொரு முதன்மைத் தேர்வு டாப்டோமைசின். 2006இல் வெளியான ஆய்வில் 235 நோயாளிகள் இரு பிரிவாக ஒப்பிடப்பட்டனர். டாப்டோமைசின் பெற்றவர்களில் 44.2 சதவீதத்தினருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 41.7 சதவீதத்தினருக்கும் சிகிச்சை வெற்றி பெற்றது. புதிய மருந்து பழையதற்குச் சளைத்ததன்று என்பது இதன் முடிவு. ஆய்வின் கடுமையான அளவுகோலில் இரு பிரிவுகளிலும் பாதிப்பேருக்குக்கூட முழு வெற்றி கிட்டவில்லை என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன. நாளுக்கு ஒரு முறை, சில நிமிடங்களில் செலுத்திவிடலாம் என்பது டாப்டோமைசினின் பெரும் வசதி. ஆனால் நுரையீரலில் சுரக்கும் ஒரு பொருள் இதைச் செயலிழக்கச் செய்வதால் நிமோனியாவுக்கு இது பயன்படாது. தசைப் பாதிப்பு ஏற்படுகிறதா என்பதை அறிய வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை தேவை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மாத்திரை போதாதா?

வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே மலைப்பாதை இருக்கும்போது இக்கேள்வி எழுவது நியாயமே. லினெசோலிட் மருந்தை மாத்திரையாக உட்கொண்டாலும் ஊசிக்கு நிகராக ரத்தத்தில் சேரும். ஆனால் அது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கிறதே தவிர நேரடியாக அழிப்பதில்லை. எனவே ரத்தத் தொற்றில் அது பொதுவாக முதல் தேர்வு அன்று. பிற மருந்துகள் ஒத்துக்கொள்ளாதபோதும், நிலைமை சீரான சில நோயாளிகளுக்கு அடுத்த கட்டமாகவும் அளிக்கப்படுகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் ரத்தத் தட்டணுக்கள் குறையலாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளுடன் சேரும்போது ஆபத்தான விளைவு ஏற்படலாம். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கும் லினெசோலிட் இன்றியமையாதது என்பதால், சாதாரணப் புண்ணுக்கு அதைத் தன்னிச்சையாக வாங்கி உட்கொள்வது மற்றொரு நோயாளியின் வாய்ப்பையும் குறைக்கிறது.

தோல் தொற்றுகளில் பயன் தரும் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரையின் மருந்தை, கடுமையான எம்ஆர்எஸ்ஏ தொற்றுகளில் அதிக அளவில் அளித்து வான்கோமைசினுடன் ஒப்பிட்ட ஆய்வு ‘பிஎம்ஜே’ இதழில் 2015இல் வெளியானது. 252 நோயாளிகள் பங்கேற்ற அந்த ஆய்வில், வான்கோமைசினுக்கு அது குறைந்ததன்று என நிறுவ இயலவில்லை.

புதிய மருந்துகளும் தோற்ற இணைப்புகளும்

பென்சிலின் குடும்பத்தில் எம்ஆர்எஸ்ஏவின் மாற்றுப் புரதத்திலும் ஒட்டக்கூடிய இரு மருந்துகள் உள்ளன: செஃப்டரோலின், செஃப்டோபிப்ரோல். பிந்தையதை டாப்டோமைசினுடன் ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளியானது. வெற்றி விகிதம் முறையே 69.8, 68.7 சதவீதம். இதன் அடிப்படையில் 2024 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஸ்டஃபைலோகாக்கஸ் ரத்தத் தொற்றுக்கு இம்மருந்தை அனுமதித்தது. செஃப்டரோலின் பெரும்பாலும், பிற மருந்துகள் அளித்தும் ரத்தத்தில் கிருமி நீடிக்கும் நிலையில் நாடப்படுகிறது.

இந்தியாவின் பங்களிப்பும் உண்டு. வொக்ஹார்ட் நிறுவனம் உருவாக்கிய லெவோநாடிஃப்ளாக்சசினுக்கு 2020இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. தோல் தொற்றுகள், சர்க்கரை நோயாளிகளின் கால் புண், அவற்றோடு சேர்ந்து ரத்தத்திலும் கிருமி பரவியுள்ள நிலை ஆகியவற்றுக்கு அந்த ஒப்புதல் பொருந்தும். ஊசி, மாத்திரை இரண்டு வடிவங்களிலும் இது கிடைக்கிறது. எனினும் ரத்தத் தொற்றில் வான்கோமைசினுக்கும் டாப்டோமைசினுக்கும் உள்ள நீண்ட அனுபவம் இதற்கு இன்னும் இல்லை.

இரண்டு மருந்துகளைச் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்கும் என்பது பலரது எதிர்பார்ப்பு. ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. வான்கோமைசின் அல்லது டாப்டோமைசினுடன் பென்சிலின் வகை மருந்தைச் சேர்த்துப் பார்த்த ‘கேமரா-2’ ஆய்வில் 352 பேர் பங்கேற்றனர். சேர்ப்பு மருந்து பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது. மற்றவர்களில் அது 6 சதவீதம் மட்டுமே. உயிரிழப்பு குறையவில்லை, ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினைச் சேர்த்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்விலும், 758 நோயாளிகளுக்குப்பின், குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை.

நாட்களை எங்கிருந்து எண்ணுவது?

மருந்துப் பட்டியல் இங்கு முடிகிறது. ஆனால் நோயாளி குணமடைவாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதற்குப் பிந்தைய பணிகளே. சிகிச்சை தொடங்கியபின் ஓரிரு நாட்களுக்கு ஒரு முறை ரத்த வளர்ப்புப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, கிருமி நீங்கிவிட்டதை உறுதிப்படுத்த வேண்டும். சிகிச்சை நாட்கள் முதல் ஊசியிலிருந்து எண்ணப்படுவதில்லை; கிருமி இல்லை என்ற முடிவு வந்த முதல் மாதிரி எடுக்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. சிக்கலற்ற தொற்றுக்குக் குறைந்தது 14 நாட்கள். இதய வால்வு, எலும்பு ஆகியவற்றில் பரவியிருந்தால் பொதுவாக ஆறு வாரங்கள்.

இதய வால்வைப் பார்க்க எக்கோ பரிசோதனை அவசியம். தொற்றின் ஊற்றான குழாயை அகற்றுவது, சீழைத் திறந்து வெளியேற்றுவது ஆகியவற்றைச் செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த மருந்தை ஏற்றினாலும் கிருமி மீண்டும் தலைதூக்கும். தொற்றுநோய் வல்லுநரின் ஆலோசனை பெற்ற நோயாளிகளிடையே உயிரிழப்பு குறைவாக இருப்பதும் பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது.

காய்ச்சல் நான்காம் நாளே தணிந்துவிடுவதுதான் நடைமுறையில் பெரும் சோதனை. தினக்கூலியை நம்பியுள்ள குடும்பத்துக்கு, நலமாகத் தெரியும் ஒருவரை மேலும் பல வாரங்கள் ஊசிக்காக மருத்துவமனையில் வைத்திருப்பது எளிதன்று. மூணாறிலிருந்து கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நாளுக்கு ஒரு முறை செலுத்தும் மருந்தாக மாற்றி, எஞ்சிய ஊசிகளை வீட்டுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் போட ஏற்பாடு செய்ய முடியுமா என்று சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. இடையில் நிறுத்திவிட்டு ஊர் திரும்புவதைவிட அது பல மடங்கு பாதுகாப்பானது.

கேரளத்தின் நடவடிக்கைகள்

ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் கட்டுப்படுத்த மாநில அளவிலான செயல் திட்டத்தை நாட்டிலேயே முதலில் வெளியிட்டது கேரளம். ‘கார்சாப்’ எனப்படும் அத்திட்டம் 2018 அக்டோபரில் தொடங்கியது. மருத்துவமனைகளில் எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்ற தகவலைத் தொகுத்து ‘ஆன்டிபயோகிராம்’ அறிக்கையாக அரசு வெளியிடுகிறது. வட்டார மருத்துவமனைகளின் மாதிரிகள் மாவட்ட ஆய்வகத்தை எட்டுவதற்கான இணைப்பும் ஏற்படுத்தப்பட்டு வருகிறது. எல்லையோர நோயாளிக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது இதுவே.

மருந்துச்சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைக் கண்டறிய 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில் திடீர்ச் சோதனைகள் தொடங்கின. ஆன்டிபயாடிக்குகளை அடையாளம் காண நீல நிற உறைகளில் இட்டு வழங்கும் முறையும் அறிமுகமானது. மாநிலத்தில் ஆன்டிபயாடிக் பயன்பாடு 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்துள்ளதாகச் சுகாதாரத் துறை பின்னர் தெரிவித்தது. மருந்துச்சீட்டு வேண்டும் என்ற சட்டம் நாடு முழுமைக்கும் பொது. ஆனால் நீல உறையும் திடீர்ச் சோதனையும் வாளையாற்றிலும் குமுளியிலும் நின்றுவிடுகின்றன. ஒரே ஜீப்பில் இருபுறமும் சென்றுவரும் மக்களுக்கும், அவர்கள் தோலில் வாழும் கிருமிக்கும் அந்த எல்லை இல்லை.

மருத்துவமனை மாறும்போது

எல்லை தாண்டிச் சிகிச்சையைத் தொடர்வோர் கையில் இருக்க வேண்டிய விவரங்கள் ஒரே தாளில் அடங்கும். ரத்த வளர்ப்புப் பரிசோதனை அறிக்கை, அதில் உள்ள மருந்து உணர்திறன் பட்டியல், கிருமி இல்லை என முதலில் உறுதியான மாதிரியின் தேதி, அளிக்கப்பட்ட மருந்தின் பெயரும் அளவும், கடைசி டோஸ் செலுத்திய நேரம், கிரியேட்டினின் அளவு, எக்கோ முடிவு, சிகிச்சை முடிய வேண்டிய நாள் ஆகியவையே அவை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘ஆன்டிபயாடிக் ஊசி அளிக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால், இவற்றை எழுதித் தருமாறு வார்டை விட்டு வெளியேறும் முன்பே கேட்டுப் பெறலாம். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே இடம் மாற நேர்ந்தால், மாதிரி எண்ணையும் ஆய்வகத்தின் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டு நாட்கள் கழித்துத் தேனியிலோ கோவையிலோ உள்ள மருத்துவர் அந்த எண்ணை அழைத்து முடிவைக் கேட்டு, அதற்கேற்ப மருந்தை மாற்ற முடியும்.